வாயில்லா ஜீவனும் வார்டுத் தேர்தலும்

(நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைய பேச்சுக்கு இந்தத் தலைப்பை வைத்தபோது நம் செயற்குழுவிலேயே சிலர் சிரித்துவிட்டார்கள். மூத்த தோழர் ஒருவர் நேராகவே கேட்டார்: "ஏம்பா, குழாயிலே தண்ணி ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வருது. வீட்டுக்காரன் வருஷா வருஷம் வாடகையை ஏத்தறான். மனுஷனுக்கே நாதியைக் காணோம். இதிலே நாய்க்கும் பூனைக்குமா ஓட்டு?"

கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லாமல் நாம் மேலே போக முடியாது. தண்ணீருக்கும் வாடகைக்கும் நம் சங்கம் குரல் கொடுத்தது, இனியும் கொடுக்கும். ஆனால் குப்பையும் தெருவிளக்கும் எந்த ஆபீஸைச் சேர்ந்தவையோ, அதே ஆபீஸைச் சேர்ந்த விஷயம்தான் தெருநாயும் வீட்டுப் பிராணியும். அந்த ஆபீஸில் நம் பேச்சு எடுபடாமல் போனதால் அடிபடுகிறவர்கள் நம் பிள்ளைகள்தான்.

நம்மவர்கள் நிறைந்த ஒரு சந்தில் நடந்ததைச் சொல்கிறோம். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கொத்தனாரின் மகள், எட்டு வயதுப் பெண். விடியற்காலையில் பால் பாக்கெட் வாங்கப் போனாள். சந்து முனையில் குப்பைமேடு. கோழிக்கடைக் கழிவும் அங்கேதான் விழுகிறது. அதன் ஓரத்தில் குட்டி போட்டிருந்த ஒரு நாய், குழந்தையின் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. பதறிப்போன தாய் காயத்தில் மிளகாய்த்தூளை வைத்துக் கட்டினாள். விவரம் தெரிந்த பக்கத்து வீட்டு அம்மாள் கட்டை அவிழ்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். ஊசி, மறுபடி ஊசி என்று அந்தத் தகப்பனுக்கு ஒரு மாதத்தில் ஐந்து நாள் கூலி போயிற்று.

அன்று இரவு சந்து இரண்டாகப் பிளந்தது. இளைஞர்கள் சிலர் சோற்றில் விஷம் கலந்து வைக்கக் கிளம்பினார்கள். பூ விற்கும் ஒரு பாட்டி வழியில் உட்கார்ந்துகொண்டாள். "குட்டி போட்டவ கடிக்கத்தான் செய்வா. குப்பையை அள்ளாதவனை விட்டுட்டு இவளைக் கொல்லப் போறீங்களா?" என்று கேட்டாள். ஏச்சும் பேச்சும் நள்ளிரவு வரை நடந்தன.

மறுநாள் எங்களில் இரண்டு பேர் சம்பந்தப்பட்ட ஆபீசுக்குப் போனோம். "இது எங்கள் பிரிவு இல்லை" என்று ஒருவர் அடுத்தவரிடம் அனுப்பினார். அவர் வேறொரு கட்டடத்துக்கு அனுப்பினார். கவுன்சிலரிடம் போகலாம் என்றால் கவுன்சிலரே இல்லை. கடைசியில் கன்னடக் குடும்பங்களும் நம்மவர்களுமாக அறுபது பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு, மூன்றாவது வாரம் வண்டி வந்தது. நாயைக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து, காதில் அடையாளம் வெட்டித் திரும்ப விட்டார்கள். குப்பைமேடு மட்டும் அப்படியே இருந்தது.

யாருடைய வேலை?

இது யாருடைய வேலை என்பதில் சந்தேகமே இல்லை. நகராட்சிகளுக்குரிய பணிகள் என்று அரசியல் சட்டத்தின் 12ஆவது அட்டவணை 18 விஷயங்களைச் சொல்கிறது. பொதுச் சுகாதாரமும் குப்பையும் அதில் உண்டு. பிராணிகளைக் கொடுமை செய்யாமல் தடுப்பதும் உண்டு, ஆட்டுத்தொட்டிகளை ஒழுங்கு செய்வதும் உண்டு. தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று மத்திய அரசு 2001இல் விதி செய்தது. 2023 மார்ச்சில் அதைப் புதுப்பித்தது. அந்தப் பொறுப்பு முழுவதும் உள்ளாட்சியின் தலையில்தான் இருக்கிறது.

ஆகவே கார்ப்பரேஷன் தேர்தலில் நாய் வருவது வேடிக்கையல்ல. பாராளுமன்ற உறுப்பினரிடம் கேட்டால் அவர் கையை விரிக்கலாம். கவுன்சிலர் அப்படி விரிக்க முடியாது.

2007இல் நடந்தது

பெங்களூரில் வெகுநாள் இருப்பவர்களுக்கு 2007 நினைவிருக்கும். அந்த ஆண்டின் தொடக்கத்தில், இரண்டு மாத இடைவெளிக்குள், இரண்டு சிறு குழந்தைகளை நாய்கள் கடித்துக் கொன்றன. ஊரே கொதித்தது. மாநகராட்சி நாய்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துக் கொன்றது. எதிர்ப்பு கிளம்பியது, வழக்குகள் போடப்பட்டன.

அந்த நேரத்தில் இந்த நகரத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இருந்ததா என்றால், இல்லை. பழைய மன்றத்தின் காலம் 2006 இறுதியில் முடிந்தது. சுற்றியிருந்த நகரசபைகளையும் கிராமங்களையும் சேர்த்துப் புதிய மாநகராட்சி அமைத்தார்கள். ஆனால் தேர்தல் நடந்தது 2010 மார்ச்சில். மூன்றாண்டுக்கு மேல் அதிகாரிகளின் ஆட்சிதான். குழந்தையைப் பறிகொடுத்த தாய் யார் வீட்டு வாசலில் போய் நிற்பாள்? நாய்க்காகப் பரிந்தவர்கள் எந்த மன்றத்தில் வாதாடுவார்கள்? ஆத்திரம் ஒரு பக்கம், கண்ணீர் ஒரு பக்கம். நடுவில் பதில் சொல்ல ஆளில்லை.

கொன்றதால் நாய் ஒழிந்ததா? 2019இல் எடுத்த கணக்கில் இந்த நகரத்துத் தெருநாய்கள் சுமார் 3 லட்சத்து 10 ஆயிரம். சென்னையிலும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கார்ப்பரேஷன் வண்டி நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டுதான் இருந்தது. நாய் குறையவில்லை. 1964 முதலே கருத்தடை செய்து காட்டிய புளூ கிராஸ் அமைப்பினரின் யோசனையை 1996இல்தான் சென்னை மாநகராட்சி ஏற்றது. காரணம் சுலபமானது. ஒரு தெருவில் இருந்த நாயைக் கொன்றால், அங்கே குப்பை கிடக்கும்வரை அடுத்த தெரு நாய் அந்த இடத்துக்கு வரும். வருகிற நாய் தடுப்பூசி போடாததாக இருக்கும், நம் பிள்ளைகளின் முகம் தெரியாததாகவும் இருக்கும்.

அதிகாரிகள் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். 2023 கணக்கெடுப்பில் பெங்களூரின் தெருநாய்கள் சுமார் 2 லட்சத்து 79 ஆயிரமாகக் குறைந்திருந்தன. நூற்றுக்கு 71 நாய்களுக்குக் கருத்தடை ஆகியிருந்தது; 2019இல் அது 51தான். இது நல்ல வேலை, பாராட்டுவோம். ஆனால் நகரம் முழுவதற்குமான கணக்கை வைத்துக்கொண்டு நம் சந்துக் குழந்தை பால் வாங்கப் போக முடியுமா? எந்த வார்டில் எத்தனை நாய்க்கு ஆபரேஷன் ஆயிற்று, எந்த வார்டு விட்டுப்போயிற்று என்று எழுந்து நின்று கேட்கத்தான் கவுன்சிலர் வேண்டும்.

வீட்டுக்கு எத்தனை நாய்?

இனி வீட்டில் வளர்ப்பவர்கள் சங்கதி. 2018 ஜூனில் மாநகராட்சி ஒரு விதி கொண்டுவந்தது. அடுக்குமாடி வீட்டில் ஒரு நாய், தனி வீட்டில் மூன்று நாய், அதற்கு மேல் கூடாது என்றது. பெரிய ஜாதி நாய்களை அடுக்குமாடியில் வைக்கக் கூடாது என்றும் சொன்னது. நாய் வளர்ப்பவர்கள் ஒன்றுகூடிக் கூச்சல் போட்டார்கள். சில நாட்களில் மாநில அரசு அந்த விதியை நிறுத்தி வைத்தது.

இதில் நமக்கொரு பாடம் இருக்கிறது. அவர்களுக்கு நேரமும் இங்கிலீஷும் டெலிபோனும் இருந்தன. கூடிக் கேட்டார்கள், காரியம் நடந்தது. நாம் என்ன செய்கிறோம்? நம் வீடுகளிலும் பிராணிகள் இருக்கின்றன. லைன் வீட்டு வாசலில் கட்டிய ஆடு, கூடையில் கவிழ்த்த கோழி, மாடியில் புறா, ஷிப்டு முடிந்து வரும் நம்மைக் கண்டு வாலாட்டும் நாய். ஊரில் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து மாட்டோடும் ஆட்டோடும் வாழ்ந்த ஜனங்கள் நாம். இங்கே பத்துக்குப் பத்து அறைக்கு வந்த பிறகும் அந்தப் பாசம் விட்டுப்போகவில்லை. ஆனால் லைசென்ஸ் என்று சட்டம் எழுதும்போது நம்மைக் கேட்டவர் யார்? நாமும் கேட்கச் சொல்லவில்லை.

ஒரு விவரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் வீட்டு நாயைத் தடை செய்ய முடியாது என்று இந்தியப் பிராணிகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதே சமயம் நாயைக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், அசிங்கம் செய்தால் சுத்தம் செய்ய வேண்டும். உரிமை ஒரு கையில் என்றால் பொறுப்பு மறு கையில்.

கோழிச்சோறும் கோர்ட்டு உத்தரவும்

2015 ஆகஸ்டில் தேர்ந்தெடுத்த மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பர் 10ஆம் தேதி முடிந்தது. தேர்தல் நடத்து என்று கர்நாடக உயர்நீதிமன்றம் அந்த டிசம்பரிலேயே சொன்னது. உச்சநீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. ஐந்தாண்டுக்கும் மேலாக இந்த மாநகரம் கவுன்சிலர் இல்லாமல் ஓடியது.

அந்தக் காலத்தில்தான், 2025 ஜூலையில், சுமார் 5,000 தெருநாய்களுக்குத் தினமும் கோழிக்கறியும் சோறும் போட ஆண்டுக்கு 2 கோடியே 88 லட்சம் ரூபாய் என்று மாநகராட்சி டெண்டர் அறிவித்தது. நாடெல்லாம் கேலி செய்தார்கள். பசித்த ஜீவனுக்குச் சோறு போடுவதை நாம் கேலி செய்ய மாட்டோம். சோறு கண்ட நாய் சாதுவாகும், ஊசி போடப் பிடிப்பதும் எளிது என்பதும் உண்மை. ஆனால் கணக்குப் பாருங்கள்: 2 லட்சத்து 79 ஆயிரத்தில் 5,000 என்றால் நூற்றுக்கு இரண்டுகூட ஆகாது. எந்தத் தெரு நாய்க்குச் சோறு, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு தூரத்தில், அதே பணத்தில் எத்தனை ஊசி போடலாம் என்றெல்லாம் மக்கள் பிரதிநிதிகள் உட்கார்ந்து பேச ஒரு மன்றம் இல்லை.

அடுத்த மாதமே விஷயம் டில்லியில் பெரிதாயிற்று. டில்லி வட்டாரத்துத் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடை என்று உச்சநீதிமன்றம் 2025 ஆகஸ்டு 11இல் சொன்னது. ஆகஸ்டு 22இல் அதைத் திருத்தி, ஊசியும் கருத்தடையும் செய்து பழைய இடத்தில் விடு, வெறிபிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதே, சோறு போட வார்டுதோறும் தனி இடம் குறி என்றது. நவம்பர் 7இல் பள்ளி, ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம், பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்றி, மீண்டும் அங்கே விடக் கூடாது என்றது.

ரயில்வேயில் வேலை செய்யும் எங்களுக்கு இது தினசரிப் பிரச்சினை. பிளாட்பாரத்தில் பிள்ளைகளோடு படுத்திருக்கும் பிரயாணியின் பயமும் தெரியும். பார்சல் ஆபீஸ் வாசலில் பத்து வருஷமாகக் கிடக்கும் கிழட்டு நாய் யாரையும் ஒன்றும் செய்ததில்லை என்பதும் தெரியும். அகற்று என்று உத்தரவு போடலாம். அகற்றியதை எங்கே வைப்பது? காப்பகம் எங்கே கட்டுவது, யார் செலவில், யார் குடிசைக்குப் பக்கத்தில்? இந்தக் கேள்விகளுக்கு வார்டில்தான் விடை சொல்லியாக வேண்டும். அங்கே நாம் வாய் திறக்காவிட்டால், யாருக்கும் வேண்டாதது எதுவும் கடைசியில் நம் தலைமாட்டில்தான் வந்து சேரும்.

உயிர் போகிற விஷயம்

தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். வெறிநோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. வெறிநாய் என்று சந்தேகப்படும் பிராணியிடம் கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கடித்த உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். மந்திரிக்கப் போகாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் குறித்துக் கொடுக்கும் தேதிகளில் ஓர் ஊசியையும் தவறவிடாதீர்கள். வீட்டு நாய் கடித்தாலும் இதேதான்.

விஷம் வைக்கக் கிளம்பும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பிராணியைக் கொல்வது புதிய குற்றவியல் சட்டத்தின் 325ஆவது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். வெளியூர்க்காரன் என்ற பெயர் ஏற்கெனவே நமக்கு உண்டு. நாமாகப் போய் வழக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

ஜீவகாருண்யம் பணக்காரர் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் நம்மிலும் உண்டு. அது சரியல்ல. பிராணி வதைத் தடுப்புக்காக மாநிலங்களவையில் தனி மசோதா கொண்டுவந்தவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். அந்த முயற்சியிலிருந்து 1960இல் சட்டம் வந்தது. பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் மூடிக்கிடந்து 2009இல் திறக்கப்பட்டதே, அந்தச் சிலைக்குரிய வள்ளுவர், கொல்லாமைக்கென்று தனி அதிகாரம் வைத்தவர். ஆனால் ஒன்று. மிருக நலம் என்ற பெயரில் ஏழையின் சட்டியில் என்ன வேகிறது என்று எட்டிப்பார்க்கும் அரசியலும் நடக்கிறது. அதற்கு நாம் ஆள் சேர்க்க மாட்டோம். கறிக்கடைக்காரரும் நம் தோழர்தான். கழிவைத் தெருவில் கொட்டாதே என்பதே அவரிடம் நாம் கேட்பது.

வேட்பாளரிடம் கேளுங்கள்

2025 செப்டம்பரில் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தார்கள். 198 வார்டுகள் இருந்த இடத்தில் 369 என்று எல்லை வகுத்தார்கள். வார்டு சிறிதானால் நமக்கு நல்லது. நாலு சந்து ஒன்று சேர்ந்தால் முடிவையே மாற்றலாம். 2015இல் வாக்காளரில் பாதிப்பேர்கூட ஓட்டுப்போட வரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓட்டுக் கேட்டு வருகிறவரைத் திண்ணையில் உட்கார வைத்து, கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்.

முதலாவது, நம் வார்டில் எத்தனை நாய்க்குக் கருத்தடையும் ஊசியும் போட்டிருக்கிறது என்ற கணக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போர்டில் எழுதி வைப்பாரா?

இரண்டாவது, கோழிக்கடைக் கழிவை எடுக்கத் தனி வண்டி வருமா? குப்பைமேடு எப்போது போகும்?

மூன்றாவது, பக்கத்து ஆரம்பச் சுகாதார நிலையத்தில் நாய்க்கடி ஊசி எப்போதும் இருக்கப் பார்த்துக்கொள்வாரா?

நான்காவது, வீட்டு நாய், பூனைகளுக்கு நம் பகுதியிலேயே, கூலி போகாதபடி ஞாயிற்றுக்கிழமையில், இலவச ஊசி முகாம் நடத்துவாரா?

ஐந்தாவது, சோறு போடும் இடத்தைப் பள்ளிக்கூடமும் குழந்தைகள் விளையாடும் இடமும் தள்ளி, தெருவாரைக் கேட்டுக் குறிப்பாரா?

ஆறாவது, லைசென்ஸ், கட்டணம், எண்ணிக்கை என்று விதி வந்தால், வார்டுக் கமிட்டியில் நம்மையும் கேட்ட பிறகுதான் கை தூக்குவாரா?

"எல்லா நாயையும் பிடித்துவிடுவேன்" என்கிறவரையும் நம்பாதீர்கள், நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்கிறவரையும் நம்பாதீர்கள். தேதியும் கணக்கும் சொல்கிறவரா என்று பாருங்கள்.

நம் வீட்டிலிருந்து

கேட்கிற நமக்கும் கடமை உண்டு. சோற்றுக் கழிவைச் சந்தில் எறியாதீர்கள். ஊருக்குப் போகும்போது வளர்த்த நாயைத் தெருவில் விட்டுப் போகாதீர்கள். இன்றைக்கு விடும் குட்டிதான் நாளைக்குத் தெருநாய். வளர்க்கிற நாய்க்கு வருஷம் தவறாமல் ஊசி போடுங்கள். குட்டி வேண்டாமென்றால் ஆபரேஷன் செய்துவிடுங்கள். கல்லெறியும் பிள்ளையைக் கண்டியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல் கடமை, பெயரைப் பட்டியலில் சேர்ப்பது. நம்மில் பலர் இருபது வருஷம் இங்கே பாடுபட்டும் ஓட்டை மட்டும் தருமபுரியிலும் வேலூரிலும் வைத்திருக்கிறோம். ஓட்டு ஓரிடத்தில்தான் இருக்க முடியும். இரண்டு இடத்தில் வைப்பது குற்றம். பொங்கலுக்குப் போகும் ஊரில் ஓட்டு, பிள்ளைகள் வளரும் ஊரில் ஊமை என்று எத்தனை நாளைக்கு இருப்பது? புதிதாகச் சேர 6ஆம் நம்பர் படிவம். இடம் மாற்ற 8ஆம் நம்பர் படிவம். 18 வயது நிரம்பிய பிள்ளைகளையும் மருமகளையும் விட்டுவிடாதீர்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கச் சங்க அலுவலகத்தில் மாலை ஏழு மணிக்கு மேல் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

அடுத்த வீட்டுக் கன்னடக் குடும்பத்தையும் கூட அழைத்து வாருங்கள். அந்த அறுபது கையெழுத்தில் பாதி அவர்களுடையது. நாய்க்கடிக்கு மொழி கிடையாது. குப்பைமேட்டின் நாற்றத்துக்கும் கிடையாது.

மூத்த தோழரின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். நாய்க்கு ஓட்டில்லை ஐயா. நமக்குத்தான் இருக்கிறது. அந்தச் சின்னப் பெண் மறுபடி பயமில்லாமல் பால் வாங்கப் போவதும், அந்தப் பாட்டியின் நாய் விஷச்சோறு தின்னாமல் குட்டிகளை வளர்ப்பதும் அந்த ஒரே ஓட்டில்தான் இருக்கின்றன. நாளை மாலை படிவத்துக்கு வாருங்கள்.